தேநீரும் பச்சை மேஜையும்

லண்டனுக்குப் போய் லெஸ்டர் சதுக்கத்தைப் பாராமல் திரும்புகிற பிரயாணி அபூர்வம். ஆனால் மாலை வேளையில் அங்கே திரளுகிற அத்தனை ஜனங்களுக்கு நடுவில், சினிமா மாளிகைகளின் விளக்கு அலங்காரத்துக்கும் தெருப்பாடகர்களின் ஆரவாரத்துக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, சதுக்கத்தின் மேற்கு ஓரத்தில் எந்த விசேஷமும் இல்லாத ஒரு காரியாலயக் கட்டடத்தை ஒருவன் அண்ணாந்து பார்த்தபடி நின்றால், அவனை வீட்டுத் தரகன் என்றோ, சித்தம் சற்றுப் பேதலித்தவன் என்றோதான் கடந்து செல்பவர்கள் நினைப்பார்கள். அப்படித்தான் நான் நின்றேன். 1901ஆம் ஆண்டிலிருந்து அந்தப் பக்கத்தில் தர்ஸ்டன் கூடம் என்ற பில்லியர்ட்ஸ் மண்டபம் இருந்தது. உலகத்தில் அந்த ஆட்டத்தை ஆடத் தெரிந்த ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அதன் வாசற்படியை மிதிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட காலமும் இருந்தது. இன்று அதன் செங்கல் ஒன்றுகூட அங்கே மிச்சமில்லை.

பில்லியர்ட்ஸில் எனக்குள்ள பரிச்சயம் ஆடிப் பெற்றதன்று, கேட்டுப் பெற்றது. எங்கள் தெருவில் வசித்த ஒரு பெரியவர், வெள்ளைக்காரர் காலத்தில் நீலகிரி மலையில் ஒரு கிளப்பில் மார்க்கராக இருந்தவர். அதாவது ஆட்டக்காரர்கள் எடுக்கிற எண்ணிக்கையைப் பலகையில் ஏற்றுவது, கோல்களைத் துடைத்து வைப்பது, மேஜையின் கம்பளித் துணியைத் தூரிகையால் நீவி, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டுவது ஆகிய காரியங்களைச் செய்யும் உத்தியோகத்தில் தம் வாலிபத்தைச் செலவழித்தவர். தர்ஸ்டன், பரோஸ் அண்ட் வாட்ஸ் என்ற இரண்டு பெயர்களை, மற்றக் கிழவர்கள் க்ஷேத்திரங்களின் பெயரைச் சொல்லுவது போல, அவர் ஒருவித பக்தியோடு உச்சரிப்பார். அவர் துடைத்த மேஜைகளின் விளிம்பில் பித்தளைத் தகட்டில் பொறித்திருந்த பெயர்கள் அவை. அவர் காசிக்கும் போகவில்லை, லண்டனுக்கும் போகவில்லை. எனக்கு வேறொரு காரியமாக லண்டன் போகும் சந்தர்ப்பம் வாய்த்தபோது, பெரியவருடைய க்ஷேத்திரங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவது என்று தீர்மானித்தேன்.

ஜான் தர்ஸ்டன் என்பவர் 1799இல் மரச் சாமான் செய்கிற தொழிலைத் தொடங்கியவர். சில ஆண்டுகளில் மற்றச் சாமான்களைக் குறைத்துக்கொண்டு பில்லியர்ட்ஸ் மேஜையிலேயே கவனத்தைச் செலுத்தினார். அதுவரை மேஜையின் தளம் மரப்பலகையாகத்தான் இருந்தது. இங்கிலாந்தின் ஈரக் காற்றில் பலகை நெளியும், பந்து தன் இஷ்டத்துக்குத் திரும்பும். 1826ஆம் ஆண்டை ஒட்டி அவர் பலகைக்குப் பதிலாகச் சிலேட்டுக் கல்லைப் பதித்தார். பிறகு ஓரங்களில் ரப்பரை வைத்தார். அந்தக் காலத்து ரப்பரோ குளிர் வந்தால் கல்லாய்ப் போய்விடும். ஆகவே ஆட்டம் தொடங்குமுன் வெந்நீர் நிரப்பிய தகரக் குழாய்களை ஓரமாக வைத்து அதைச் சூடுபடுத்த வேண்டியிருந்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் முறை வந்த பிறகே இந்தத் தொல்லை நீங்கியது. பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம், ஐந்து பாளமாகக் கல், ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை: இப்படிப்பட்ட ஒரு பொருளைக் கப்பலில் ஏற்றி, ரயிலில் ஏற்றி, பிறகு மாட்டு வண்டியில் மலைமேல் ஏற்றிக்கொண்டுபோய் நீலகிரியில் நிறுத்திய மனிதர்களுடைய பிடிவாதத்தை என்னவென்று சொல்லுவது! ஒரு ராஜ்யத்தை ஆளுவதற்கு அது அவசியம் என்று அவர்கள் நிஜமாகவே நம்பியிருக்க வேண்டும்.

தர்ஸ்டன் கூடத்தின் புகழுக்குச் சிகரம் 1932ஆம் ஆண்டு ஜனவரி மாதம். 19, 20 ஆகிய இரண்டு தேதிகளில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வால்டர் லிண்ட்ரம் என்பவர், எதிரியான ஜோ டேவிஸை நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டு, ஒரே மூச்சில் 4,137 எண்ணிக்கை எடுத்தார். ஏறக்குறைய மூன்று மணி நேரம் அவருடைய கோல் தவறவில்லை. மூன்று பந்துகளையும் ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, அவை நகர்ந்தனவா இல்லையா என்று சந்தேகம் வரும்படி மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே மேஜையின் ஓரம் முழுவதும் ஊர்ந்து போகிற வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. முதல் நூறு எண்ணிக்கைக்குச் சபையோர் ஆச்சரியப்பட்டிருப்பார்கள். ஆயிரம் ஆனபோது கரகோஷம் செய்திருப்பார்கள். நாலாயிரம் ஆனபோது அவர்களில் சிலராவது கடிகாரத்தைப் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம். நியமங்களைத் திருத்தி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு தடவை பந்து மேஜையின் குறுக்குக் கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும் என்று விதித்துப் பார்த்தார்கள். அதற்கும் லிண்ட்ரம் அசைந்து கொடுக்கவில்லை. ஒரு கலை தன் பூரணத்துவத்தை அடைந்தவுடனே ரசிகர்களை இழந்துவிடும் விபரீதம் இதைப்போல் வேறெங்கும் இவ்வளவு துலாம்பரமாக நிகழ்ந்ததில்லை என்று நினைக்கிறேன். அதுவரை பெரிய பந்தயம் சீக்கிரம் முடிந்துவிட்டால் பொழுது போவதற்காக ஆடப்பட்டு வந்த ஸ்நூக்கர் என்கிற பல வர்ணப் பந்தாட்டம், பில்லியர்ட்ஸின் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. 1927இல் நடந்த முதலாவது ஸ்நூக்கர் உலகப் பந்தயத்தில் வென்ற ஜோ டேவிஸுக்குக் கிடைத்த பரிசுப் பணம் 6 பவுன் 10 ஷில்லிங். 1946 வரையில் தொடர்ந்து பதினைந்து தடவை அந்தப் பட்டத்தை வைத்திருந்து, யாரிடமும் அதைத் தோற்காமலே அவர் விலகிக்கொண்டார்.

1940ஆம் ஆண்டு அக்டோபரில் பாரசூட்டில் இறங்கிய ஒரு ஜெர்மானிய வெடிகுண்டு தர்ஸ்டன் கூடத்தை நிர்மூலமாக்கியது. ஜே. பி. பிரீஸ்ட்லி தனிக் கட்டுரை எழுதிக் கொண்டாடிய அந்த அமைதியான அறை, வெளியுலகத்துச் சந்தடி எட்டிப் பாராத அந்த அறை, வெளியுலகத்தின் மிகக் கொடிய சப்தத்தாலேயே அழிந்தது. யுத்தம் முடிந்தபின் 1947இல் அதே இடத்தில் லெஸ்டர் சதுக்கக் கூடம் என்ற பெயரோடு மீண்டும் திறந்தார்கள். 1955 ஜனவரி 22 அன்று ஜோ டேவிஸ் அங்கேதான் 147 என்கிற, ஸ்நூக்கரில் அதற்கு மேல் எடுக்க இயலாத எண்ணிக்கையை எடுத்தார். ஆட்டத்தின் அதிகாரிகள் நியமங்களைப் பற்றித் தர்க்கித்துவிட்டு 1957இல்தான் அதை அங்கீகரித்தார்கள். அவர்கள் அங்கீகரித்தபோது கூடமே இல்லை. அடுத்த கட்டடத்திலிருந்த மோட்டார்க்காரர் சங்கம் தன் காரியாலயத்தை விஸ்தரிப்பதற்காக, 1955இலேயே அதை மூடியாகிவிட்டது.

அந்தக் கூடத்திலிருந்து ஒரே ஒரு பொருள் பிழைத்தது. அது ஒரு குரல். கூடத்துக்கு நிர்வாகியாக இருந்த டெட் லோ என்பவர், பி.பி.சி.க்காக ஆட்டத்தை வர்ணிக்க நேர்ந்தபோது, அங்கே வர்ணனையாளருக்கென்று தனி அறை இல்லாததால், சபையோருக்கு நடுவில் உட்கார்ந்து, ஆடுபவர் காதில் விழாதபடி ரகசியம் பேசுகிற தொனியில் பேசினார். பின்னால் ஒலி புகாத அறைகள் வந்தன, ஆயினும் அவர் அந்தத் தொனியை விடவில்லை. 1985ஆம் ஆண்டு உலகப் பந்தயத்தின் கடைசிக் கறுப்புப் பந்துக்காக, நடுநிசி தாண்டிய பிறகும் 1 கோடியே 85 லட்சம் பேர் பிரிட்டனில் டெலிவிஷன் முன் விழித்திருந்தபோது, அவர்களில் மிகப் பலர் கேட்டுப் பழகியிருந்தது, முப்பது வருஷத்துக்கு முன் இடிபட்ட ஓர் அறையின் ஆசாரத்தைத்தான்.

சோஹோ சதுக்கத்துக்கு நடந்து போனேன். பரோஸ் அண்ட் வாட்ஸ் ஸ்தாபனம் அங்கே 19ஆம் இலக்கத்தில் இருந்தது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. புல்வெளியில் வாலிபர்கள் படுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேம்ஸ் நதிக் கரையில் செயின்ட் காதரின் துறையைப் பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் உல்லாசப் படகுகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். அங்கே மணிக்கூண்டோடு நிற்கும் செங்கல் கட்டடத்தின் பெயர் ஐவரி ஹவுஸ். விக்டோரியா மகாராணி காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யானைத் தந்தங்களை அடுக்கி வைத்த பண்டகசாலை. பியானோக் கட்டைக்கும் கத்திப் பிடிக்கும் சீப்புக்கும் போனது போக, மிக உயர்ந்த தந்தம் பில்லியர்ட்ஸ் பந்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. பந்தின் மத்தியம் தந்தத்தின் நரம்பு ஓடும் நடு அச்சில் சரியாக அமையாவிட்டால் அது நேராக உருளாது. ஆகையால் ஒரு தந்தத்தில் நாலைந்து பந்துகளுக்கு மேல் தேறுவது அரிது. ஒரு மேஜைக்கு மூன்று பந்து, ஸ்நூக்கருக்கோ இருபத்திரண்டு. எத்தனை யானை என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். யானைகள் தீர்ந்துவிடும் என்ற பயம் முதலில் வியாபாரிகளுக்குத்தான் வந்தது, ஜீவகாருண்யம் உடையவர்களுக்கு அல்ல. 1860களில் அமெரிக்காவில் ஒரு மேஜை வியாபாரக் கம்பெனி, தந்தத்துக்கு மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று விளம்பரம் செய்ய, அதை எண்ணி உழைத்த ஜான் வெஸ்லி ஹயட் என்ற அச்சுத் தொழிலாளி செல்லுலாய்டைப் படைத்தார். சினிமாச் சுருளுக்கு மூலப்பொருளான அந்த வஸ்து பிறந்தது பில்லியர்ட்ஸ் பந்துக்காகத்தான். லெஸ்டர் சதுக்கத்தில் பில்லியர்ட்ஸ் போய்ச் சினிமா நிலைத்திருப்பதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இதுவரை சொன்னவை பெரிய மனிதர்களின் கூடங்கள். நான் உண்மையில் தேடிப் போனவை வேறு. சம்பளம் வாங்குகிற குமாஸ்தாவும், கூலி வாங்குகிற தொழிலாளியும், இரண்டும் வாங்காத வேலையற்றவனும், மணிக்கு இவ்வளவு என்று சில்லறையைக் கொடுத்துவிட்டு, பிரபுக்களின் மாளிகையில் இருக்கும் அதே பன்னிரண்டடி மேஜையைத் தன்னுடையதாக்கிக்கொண்ட பொதுக் கூடங்கள் அவை. அவற்றில் மிக விநோதமானவை மதுவிலக்குப் பில்லியர்ட்ஸ் கூடங்கள். இங்கிலாந்தின் வடபகுதியில், லங்காஷயரில், மதுவிலக்குக் கிளர்ச்சி வேரூன்றிய பிரதேசத்தில், பெண்டில்டன் என்ற ஊரில் 1906இல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். குடியை ஒழிப்பதற்குப் பிரசங்கம் போதாது, மதுச்சாலையைவிட வசீகரமான ஓர் இடத்தைக் கொடுத்தால்தான் மனிதன் மதுச்சாலையை விடுவான் என்பது அவர்களுடைய சித்தாந்தம். பாவம் என்று மதவாதிகள் தள்ளிய ஓர் ஆட்டத்தைக் கொண்டு, அதைவிடப் பெரிய பாவமான குடியை வெல்ல முயன்ற அந்தச் சாமர்த்தியத்தை நான் மெச்சுகிறேன். நம் நாட்டு மதுவிலக்குப் பிரசாரகர்களுக்கு இந்த மாதிரி யோசனை ஏன் தோன்றவில்லை என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

தென் லண்டன் புறநகரங்களில் இக்கம்பெனி பல கூடங்களைக் கட்டியது. நார்மன் எவன்ஸ் என்ற கட்டடச் சிற்பி முதலில் அவற்றுக்குப் படம் போட்டார். புட்னி பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் ஃபுல்லம் ஹை ஸ்ட்ரீட்டில் 1910இல் அவர் கட்டிய கூடம் இன்னும் நிற்கிறது. முகப்பில் மெருகிட்ட ஓடு. ஜன்னல்களில் கொடியும் இலையுமாக வளைந்த வர்ணக் கண்ணாடி. உள்ளே கப்பலைக் கவிழ்த்து வைத்தாற்போல் வளைந்து நீளும் கூரை. தூண்கள் இடையில் வந்தால் கோலை இழுக்க இடமிராது என்பதற்காகவே அந்த விதமான கூரை. புராதனக் கட்டடம் என்று சர்க்கார் பட்டியலில் ஏறிவிட்டதால் அதை இடிக்க முடியாது. ஆனால் அதற்குள் என்ன நடத்தலாம் என்பதைப் பட்டியல் சொல்லவில்லை. ஆகவே அது பின்னாளில் மதுச்சாலையாகிவிட்டது! நான் உள்ளே போனபோது, மேஜைகள் வரிசையாக நின்ற இடத்தில் பீர்க் குழாய்கள் பளபளத்தன. நான் ஒரு கோப்பைத் தேநீர் கேட்டேன். பரிமாறுகிற பெண், மரியாதைக் குறைவின்றி, ஆனால் சற்றே விசித்திரமாக என்னைப் பார்த்தாள். அந்தக் கூரையின்கீழ் தேநீர் கேட்ட கடைசி ஆசாமி நானாகத்தான் இருப்பேன்.

லூயிஷமிலும் செல்சியிலும் இதே கம்பெனியின் கட்டடங்கள் உண்டு. அவற்றைக் காட்டிலும் எண்ணிக்கையில் அதிகமாக, லண்டனில் மட்டுமன்றி நாடு முழுவதிலும் காணப்படுவன பர்ட்டன் கட்டடங்கள். லிதுவேனியாவிலிருந்து 1900இல் வந்த ஒரு யூத இளைஞர், மான்டேகு பர்ட்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டு, தையல் கடைகளால் கோடீசுவரரானார். ஒவ்வோர் ஊரிலும் முக்கியமான தெருமுனையை வாங்கி, கீழே தம் கடையை வைத்து, மேல்மாடியைப் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு வாடகைக்கு விட்டார். ஆட வருகிற வாலிபன் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை, கண்ணாடிக்குப் பின்னால் பொம்மை உடுத்தியிருக்கும் சூட்டைப் பார்த்தே தீர வேண்டும். ஆட்டத்தில் தோற்றவன் பார்த்துப் பெருமூச்சு விடுவான். கல்யாணம் நிச்சயமானவன் உள்ளே நுழைவான். வியாபாரத்தில் இவ்வளவு நாகரிகமான தூண்டிலை நான் வேறு கண்டதில்லை.

கூடங்களுக்குள் ஆடிப் பழகிய இரண்டொரு கிழவர்களோடு பேசக் கிடைத்தது. அவர்கள் எல்லோருமே முதலில் சொன்னது வெளிச்சத்தைப் பற்றித்தான். பெரிய அறை முழுவதும் இருட்டு. ஒவ்வொரு மேஜைக்கும் மேலே பச்சைக் கூடாரம் போல ஒரு விளக்கு மூடி. பணம் கட்டினால் உங்கள் மேஜையின் விளக்கு எரியும், நேரம் முடிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். மேஜைக்குக் குனிகிற முகம் மட்டும் பிரகாசத்துக்குள் வரும். நிமிர்ந்தவுடன் இருளில் மறையும். சிகரெட் புகை அந்த வெளிச்சத்தில் சுருள் சுருளாக நிற்கும். மேஜைக்குக் காசில்லாதவன் சுவரோரத்து உயர்ந்த பெஞ்சில் உட்கார்ந்து நாள் முழுவதும் வேடிக்கை பார்க்கலாம், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். 1930களின் வேலையில்லாத் திண்டாட்டத்தின்போது, வீட்டில் மனைவியின் கண்ணுக்கு முன்னால் சும்மா இருக்க வெட்கப்பட்ட ஆடவர்கள் இந்தப் பெஞ்சுகளில்தான் பகலைக் கழித்தார்களாம்.

சட்டம் இவ்விடங்களை நல்ல கண்ணால் பார்க்கவில்லை. 1845ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின்படி பொதுஜனங்களுக்கு மேஜை வைப்பவர் மாஜிஸ்டிரேட்டிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். நடுநிசிக்குப் பின் ஒரு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை ஆடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸும் பெரிய வெள்ளியும் விலக்கு. பிரபுவின் வீட்டு மேஜைக்கு இந்த விதி எதுவும் கிடையாது. 1987 வரையில் பார்லிமெண்ட் இதை நீக்கவில்லை. பில்லியர்ட்ஸில் ஒருவன் அளவுக்கு மீறிக் கெட்டிக்காரனாக இருந்தால் அவன் வாலிபத்தை வீணாக்கினவன் என்று பொருள், என்கிற வசனத்தைத் தத்துவஞானி ஹெர்பர்ட் ஸ்பென்சர் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவரோ அது தம்முடையதன்று, பிறர் சொன்னதைத் திருப்பிச் சொன்னதுதான் என்று மறுத்திருக்கிறார். யார் சொன்னாலும் சரி, சொன்னவர் கிளப்பில் இருந்துகொண்டு சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கிளப் என்றதும் நம் ஊருக்கு வந்துவிடுகிறோம். ஸ்நூக்கரின் ஜன்ம பூமி இங்கிலாந்தே அல்ல. 1875இல் ஜபல்பூரில், மழைக்காலத்துச் சலிப்பைப் போக்க, ராணுவ அதிகாரிகளின் விடுதியில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் உத்தியோகஸ்தர், அக்காலத்து வேறொரு பந்தாட்டத்தோடு வர்ணப் பந்துகளைச் சேர்த்து இதைத் தொடங்கினார். பின்னாளில் பிரதம மந்திரியானவர் வேறு சேம்பர்லின். லண்டன் வுலிச் ராணுவக் கலாசாலையில் முதல் வருஷத்து மாணவனைப் பரிகாசமாக அழைத்து வந்த பெயரே ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது. ஆப்கன் யுத்தத்தில் காயம்பட்ட பிறகு நம் சேம்பர்லின் சென்னை ராணுவத் தளபதி ராபர்ட்ஸின் பரிவாரத்தில் சேர்ந்தார். தளபதி கோடைக்கு உதகமண்டலம் போனபோது ஆட்டமும் கூடப் போயிற்று. 1882இல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் அதன் நியமங்களை எழுதி ஒட்டினார்கள் என்பது பிரசித்தம். அங்கிருந்து, இந்தியாவுக்கு ஆட வந்த ஜான் ராபர்ட்ஸ் என்ற பில்லியர்ட்ஸ் நிபுணர் மூலமாக அது லண்டனுக்குப் போனதாகச் சொல்லுகிறார்கள். அதிகாரிகளின் விளையாட்டாக மலையிலிருந்து புறப்பட்ட ஒன்று, தையல் கடை மாடியில் தொழிலாளியின் விளையாட்டாக மாறியது லண்டன் செய்த காரியம்.

யுத்தத்துக்குப் பின் கூடங்கள் மெலியத் தொடங்கின. 1961இல் பந்தயம் கட்டும் கடைகளைச் சட்டம் அனுமதித்தவுடன், குதிரைப் பந்தயத் தரகர்களும் அவர்களைத் தேடி வந்தவர்களும் கூடங்களை விட்டுப் போனார்கள். பிங்கோ என்ற எண் சூதாட்டம் வந்து சில கூடங்களையே விழுங்கியது. 1957க்குப் பிறகு 1964 வரையில் உலகப் பந்தயம்கூட நடைபெறவில்லை. 1969இல், வர்ண டெலிவிஷனில் காட்டுவதற்கு மலிவாகவும் பல நிறத்தோடும் ஏதாவது வேண்டும் என்று பி.பி.சி. தேடியபோது ஸ்நூக்கருக்கு மறுஜன்மம் கிடைத்தது. அப்போது தயாராக இருந்தவர்கள் இந்தப் பழைய கூடங்களில் வளர்ந்த பையன்கள். ரோம்ஃபோர்டில் லுக்கேனியா என்ற கூடத்தில் பழகிய, பிளம்ஸ்டெட் வாசியான ஸ்டீவ் டேவிஸ் ஆறு தடவை உலகப் பட்டம் பெற்றார். லுக்கேனியா கூடங்களின் கம்பெனியை 1974இல் வாங்கிய பாரி ஹெர்ன் என்ற கணக்கர் அவருக்கு நிர்வாகியானார். டூட்டிங்கில் ஜான்ஸ் என்ற கூடத்தில், பள்ளிக்கூடத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நாளெல்லாம் ஆடிய ஜிம்மி ஒயிட், பட்டம் பெறாமலே பட்டம் பெற்றவர்களைவிட ஜனங்களின் அன்பை அதிகம் பெற்றார். இவர்களால் ஆட்டம் செழித்தது. புதுக் கிளப்புகள் புற்றீசல் போலத் தோன்றின. ஆனால் அவை அங்கத்தினர் சீட்டும் மதுவும் உள்ள இடங்கள். பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு அங்கே இடமில்லை. ஆட்டத்தைக் காப்பாற்றியவர்கள் கூடத்தையும் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் வருத்தம். 2007இல் புகைபிடித்தலைத் தடுத்த சட்டமும், நாளுக்கு நாள் ஏறிய வாடகையும் அந்தப் புதுக் கிளப்புகளிலும் பலவற்றை மூடிவிட்டன. பன்னிரண்டடி மேஜை ஒன்று நிற்கிற இடத்தில், நடமாடும் வெளியையும் சேர்த்தால், இன்றைய லண்டனில் ஒரு குடும்பத்தையே குடிவைத்துவிடலாம்.

ஜிம்மி ஒயிட்டின் கூடத்தைத் தேடி டூட்டிங் போனேன். அங்கே பாதி நகரம் தமிழ் பேசுகிறது. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வெளியில் அடுக்கியிருந்த ஒரு பலசரக்குக் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர்.

"அதெல்லாம் போய்க் கனகாலம் அண்ணை" என்றார். "நான் வந்தது 85இல. பெற்றோல் செட்டில இரவு வேலை. விடிய அறைக்கு வந்தா, பகல் வேலைக்காரன் எழும்பிப் போனாத்தான் எனக்குக் கட்டில். அவனுக்கு லீவு எண்டா நான் எங்க போறது? வெளியில குளிர். லைப்ரரியில நித்திரை கொண்டா எழுப்பி விட்டிடுவாங்கள். ஸ்நூக்கர் ஹோலுக்குப் போய் ஒரு தேத்தண்ணி வாங்கினாச் சரி, பின்னேரம் மட்டும் ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

"ஆடவும் செய்வீர்களா?"

"பிறகு ஆடினனான்தான். முதல் ஆறு மாசம் கதிரையில இருந்து நித்திரை. பந்து முட்டுற சத்தம் கேட்டுக் கேட்டு, அது இல்லாட்டி நித்திரை வராது எண்ட நிலைமை."

இந்த ஆட்டம் நம் நீலகிரியில் சட்டம் எழுதப்பட்ட ஆட்டம் என்று நான் சொன்னதும் அவர் தராசை நிறுத்திவிட்டு என்னை நம்பாமல் பார்த்தார். ஜபல்பூர், ஆப்கன் யுத்தம், தளபதி என்று நான் வம்சாவளியைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மேசை இன்னும் அங்க இருக்கோ?"

"இருக்கிறது என்றுதான் சொல்லுகிறார்கள்."

"நீங்க பாத்தனீங்களோ?"

இல்லை என்றேன். அது அங்கத்தினர்களுக்கும் அவர்கள் அழைத்துவரும் விருந்தாளிகளுக்கும் மட்டுமே உரிய இடம், என்னைப் போன்றவர்கள் வெளி வாசலோடு திரும்ப வேண்டியதுதான் என்று விளக்கினேன்.

"அப்ப ஒரு தேத்தண்ணிக்குக் காசு குடுத்தாலும் உள்ளுக்கு இருக்க ஏலாதோ?" என்று கேட்டார், முருங்கைக்காயை மறுபடியும் தராசில் வைத்துக்கொண்டே.

"முடியாது" என்றேன்.